நாட்டை இழந்த ராஜா... ரூல்புக் எழுதிய கதை!

ஞாயிற்றுக்கிழமை மதியம். கொரட்டூர்ல ஒரு ஃபிளாட்டோட ஹால். பிரியாணி முடிஞ்சு பாய் விரிச்சாச்சு. நடுவுல மேப், பக்கத்துல கேரக்டர் ஷீட், இருபது முகம் இருக்கிற பகடை. நீங்களும் உங்க கேங்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிட்டு இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். டிராகன் மேல மந்திரம் ஏவுற முக்கியமான நேரத்துல பகடை பாயை விட்டு உருண்டு சோபாவுக்கு அடியில போயிடுச்சு. அந்த எண் செல்லுமா, செல்லாதா? அவ்ளோதான். அடுத்த அரை மணி நேரத்துக்கு டிராகன் சும்மா நிக்கும், சண்டை உங்களுக்குள்ளதான்.

அந்தச் சண்டைக்கு நடுவுல ஸ்டேஷன் பக்கமிருந்து தடதடன்னு ஒரு சத்தம் வரும். சென்னை சென்ட்ரல்ல இருந்து மைசூருக்குப் போற எக்ஸ்பிரஸ். லோக்கல் ரயில் மாதிரி கொரட்டூர்ல நிக்காது, பறந்துடும். அந்த ரயில் போய் நிக்கிற ஊர்ல, நீங்க இப்போ போடுற இதே சண்டையைப் பத்தி வாழ்க்கை முழுக்க யோசிச்ச ஒருத்தர் இருந்தார். விளையாட்டுப் பலகைகள், சீட்டுக்கட்டுகள், அவற்றுக்கான விதிகள் என்று மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டவர். அவர் ஒரு மகாராஜா. பெயர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார்.

ஐந்து வயசுல கிரீடம்

1794 ஜூலை 14-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார் கிருஷ்ணராஜர். ராஜ குடும்பம்தான். ஆனா, ஆட்சி அவங்க கையில இல்லை. ஹைதர் அலி, அவருக்குப் பிறகு திப்பு சுல்தான் என்று அதிகாரம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. ரெண்டு வயசு ஆகுறதுக்குள்ள அப்பாவும் இறந்துட்டார்.

1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். ஜெயிச்ச கிழக்கிந்திய கம்பெனி, மைசூரை நேரடியாக எடுத்துக்கொள்ளாமல் பழைய ராஜ குடும்பத்தைத் தேடிப் பிடித்தது. ஜூன் 30-ம் தேதி ஐந்து வயது குழந்தை அரியணையில் உட்கார வைக்கப்பட்டது. உங்க வீட்டு யு.கே.ஜி பையன் தலையில கிரீடத்தை வச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

நிர்வாகம் செய்தது திவான் பூர்ணய்யா. இவர் திப்புவிடமும் அமைச்சராக இருந்தவர். அனுபவசாலி. 1811 வாக்கில் பூர்ணய்யா ஒதுங்க, இளம் ராஜா சொந்தமாக ஆள ஆரம்பித்தார். இருபது வருஷம் ஆண்டார்.

கையை விட்டுப் போன நாடு

1830-ல் நகர் பகுதியில் விவசாயிகள் கலகம் வெடித்தது. வரிச்சுமை, அதிகாரிகளின் அட்டூழியம் என்று மக்களுக்கு ஏகப்பட்ட குறைகள். அரண்மனைச் செலவு அதிகம், நிர்வாகம் சரியில்லை என்று கம்பெனி பக்கம் குற்றச்சாட்டு. 1831 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங் மைசூரின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். கிருஷ்ணராஜருக்கு அப்போது வயது 37.

பட்டம் இருக்கும், அரண்மனை இருக்கும், தசரா தர்பார் இருக்கும். வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் வரும். ஆனா, ஒரு தாசில்தாரை மாத்தக்கூட அவரால முடியாது. கமிஷனர்கள் ஆண்டார்கள். மார்க் கப்பன் மட்டுமே 1834-லிருந்து 1861 வரை இருந்தார்.

உங்க டீம்ல டீம் லீடர் என்ற பெயரை மட்டும் விட்டு வச்சுட்டு, எல்லா முடிவையும் வேற ஒருத்தர் எடுத்தா எப்படி இருக்கும்? அதை 36 வருஷத்துக்கு நீட்டிப் பாருங்க. நாட்டைத் திரும்பக் கொடுங்கள் என்று ராஜா ஒவ்வொரு கவர்னர் ஜெனரலுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். பதில் சாதகமாக வரவில்லை. அந்தக் காத்திருப்புக்கு நடுவே 1833-ல் ஆங்கிலப் பள்ளி ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு மைசூர் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. இசைக்கும் ஓவியத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். விளையாட்டுகளுக்குள்ளும் இறங்கினார்.

ஆர்வம் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள

அவர் பெயரில் தொகுக்கப்பட்ட பெரிய நூல் ஸ்ரீதத்துவநிதி. ஒன்பது பாகம். தெய்வ உருவங்கள், கிரகங்கள் என்று படங்களோடு போகும் அந்த நூலின் கடைசி பாகத்தின் பெயர் கௌதுக நிதி. கௌதுகம் என்றால் ஆர்வம், வேடிக்கை. விளையாட்டுகளுக்கு அங்கேதான் இடம். இதே ஸ்ரீதத்துவநிதியில் 122 யோகாசனப் படங்களும் இருக்கு. யோகாவின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்னிக்கும் தேடிப் போகிற படங்கள் அவை.

செஸ் போர்டில் ஒற்றைக் குதிரையை மட்டும் வைத்து, 64 கட்டத்துக்கும் ஒரு கட்டத்தைக்கூட இரண்டு முறை மிதிக்காமல் கொண்டுபோக முடியுமா? இந்தப் புதிரில் ராஜாவுக்கு வெறி. விதவிதமான குதிரைப் பாதைகளை உருவாக்கினார். நம்ம காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், இதே குதிரைப் பாய்ச்சலை வைத்துத் தன் பாதுகா சஹஸ்ரத்தில் சுலோகமே கட்டியிருக்கிறார். அவ்வளவு பழைய புதிர் அது.

360 சீட்டு... கலைச்சுப் போடுங்க பார்ப்போம்!

அடுத்தது கஞ்சிஃபா. பெரும்பாலும் வட்ட வடிவத்தில் இருக்கும், கையால் ஓவியம் தீட்டிய சீட்டுகள். பணக்கார வீடுகளில் யானைத் தந்தம், மற்ற இடங்களில் துணியும் காகிதமும் ஒட்டி அரக்கு பூசியது. வைக்க ஓவியம் போட்ட மரப்பெட்டி. முகலாய மன்னர் பாபர் 1527-லேயே இந்தச் சீட்டுகளை ஒரு நண்பருக்கு அனுப்பியதாக எழுதி வைத்திருக்கிறார்.

இதில் தசாவதாரக் கட்டு ஒன்று உண்டு. பத்து அவதாரம், பத்து இனம், மொத்தம் 120 சீட்டு. மச்சம், கூர்மம், நரசிம்மம் எல்லாம் உங்க கையில. ரூலைக் கேளுங்க: பகல்ல ஆடினா ராமர் ராஜா வச்சிருக்கிறவர் தொடங்கணும், ராத்திரி ஆடினா கிருஷ்ணர் ராஜா வச்சிருக்கிறவர். பாதி இனங்களில் 10 பெரிய எண், மீதி இனங்களில் 1 பெரிய எண். அப்போ பொழுது சாயுற நேரத்துல ஆரம்பிச்சா யார் தொடங்கணும்? பார்த்தீங்களா, சண்டை ரெடி!

கிருஷ்ணராஜர் இதோடு நிற்கவில்லை. சாத் என்ற பெயரில் புதுப்புது கஞ்சிஃபா ஆட்டங்களை உருவாக்கினார். ஓர் இனத்துக்குப் பொதுவாக 12 எண் சீட்டு, 6 அரசவைச் சீட்டு. சில ஆட்டங்களில் 18 இனங்கள் வரை. நிரந்தரத் துருப்பு உண்டு, ஜோக்கர் மாதிரி எதற்கும் பொருந்தும் சீட்டும் உண்டு. பெரிய கட்டில் 360 சீட்டு. நம்ம ரம்மிக்கட்டு ஏழை அடுக்கினாக்கூட நாலு சீட்டுதான் கூட வரும்.

1861-ல் ஜெகன்மோகன் அரண்மனையைக் கட்டினார். அதன் சுவர்களில் விளையாட்டுப் பலகைகளையே ஓவியமாகத் தீட்ட வைத்தார். நாட்டில் ஒரு சட்டத்தையும் மாற்ற முடியாத மனிதர், தன் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தானே சட்டம் போட்டார். அந்த ஓர் இடத்தில்தான் கமிஷனரின் கையெழுத்து தேவைப்படவில்லை.

சரி, ஏன் நாம அதை ஆடலை?

ராஜாவோட சாத் ஆட்டங்கள் மக்கள்கிட்ட போய்ச் சேரவே இல்லை. அநேகமா அரண்மனைக்குள்ளேயே ஆடப்பட்டு அங்கேயே அடங்கிப்போச்சு. கஷ்டமான விதிகள் மட்டும் காரணமா? 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது அதுவும் தலைசுற்றும் ஆட்டம்தான். ஒரு பெட்டி, மூணு சின்ன புத்தகம், முதலில் அச்சானது 1,000 பிரதி. விதிகளில் ஏகப்பட்ட ஓட்டை. ஆனா அது வீடு வீடாகப் போச்சு. ஆடினவங்களுக்குச் சந்தேகம் வந்தது, கேட்டாங்க. கேட்டதற்குப் பதில் சொல்லவே டிராகன் பத்திரிகையில் தனியா ஒரு பகுதி ஓடியது. புதுப் புத்தகங்கள், புதுப் பகடைகள், புது மேப்கள் என்று ஆட்டம் வளர்ந்தது.

மகாராஜாவிடம் தந்தமும் ஓவியர்களும் இருந்தார்கள். அவர் விதியைப் படித்துவிட்டு, இது எப்படி சார் செல்லும் என்று சண்டை போட ஆள் இல்லை. ராஜாகிட்ட யார் சண்டை போடுவா?

கடைசி காய் நகர்த்தல்

வாரிசு இல்லாத ராஜ்ஜியம் ஆங்கிலேயரிடம் முழுசாகப் போய்விடும் என்ற பயம் கிருஷ்ணராஜருக்குக் கடைசிவரை இருந்தது. 1865-ல், எழுபது வயதைத் தாண்டி, ஒரு சின்னக் குழந்தையைத் தத்தெடுத்தார். 1867-ல் ஆங்கிலேய அரசு அந்தத் தத்தை ஏற்றது. அடுத்த வருஷம், 1868 மார்ச் 27-ம் தேதி ராஜா இறந்தார். 1881-ல் மைசூர் ஆட்சி அந்த வளர்ப்பு மகன் சாமராஜேந்திர உடையாரிடம் திரும்ப வந்தது. ஐம்பது வருஷம் நீண்ட ஆட்டம். ஜெயிச்சப்போ ஆடினவர் இல்லை.

மைசூர் கஞ்சிஃபா சீட்டுகளுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம், கிரீடா கௌசல்யா என்ற பெயரில் பழைய பலகை விளையாட்டுகளுக்குக் கண்காட்சி நடத்துகிறது. சீட்டும் பலகையும் கிடைக்குது. ஆடத் தெரிந்த கைகள்தான் அபூர்வம்.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. உங்க பாட்டிகிட்ட தாயம் ஆடுற விதியைக் கேளுங்க. தாயம் விழாம காய் இறங்கலாமா? ஒரு காயையாவது வெட்டாம உள்கட்டத்துக்குப் போகலாமா? 1, 5, 6, 12 விழுந்தா மறுபடி உருட்டலாம்னா, எத்தனை தடவை வரைக்கும்? தெருவுக்குத் தெரு பதில் மாறும். உங்க வீட்டு பதிலை போன்ல நோட்ஸ்ல டைப் பண்ணி ஃபேமிலி குரூப்ல போடுங்க. சித்தப்பா நிச்சயம் மறுப்பார். மறுக்கட்டும். அப்படி மறுக்க ஓர் ஆள் இருக்கிறவரைக்கும் அந்த ஆட்டத்துக்கு உயிர் இருக்கு.

அப்படியே சோபாவுக்கு அடியில உருண்ட பகடைக்கும் ஒரு முடிவு எழுதி வச்சுடுங்க. டிராகன் ரொம்ப நேரமா நின்னுட்டு இருக்கு!