சோற்றை ஆராய்ந்த சர் ராபர்ட் மெக்காரிசன்

தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்குச் சோறு என்றால் தனிப் பெருமை. அந்தச் சோற்றை எலிகளுக்கு ஊட்டி, அதன் நிறைகுறைகளை உலகறியச் செய்தவர் அயர்லாந்துக்காரர் ஒருவர்.

ராபர்ட் மெக்காரிசன் 1878 மார்ச் 15-இல் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். கில்கிட் மலைநாட்டில் கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தபோது, மாசு நீரின் வண்டலைப் பருகிப் பார்த்தவர்களுள் அவரும் ஒருவர். பிறருக்குக் கொடுப்பதைத் தாமும் குடித்துப் பார்த்த அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். காய்கனிச் சத்து இல்லாத தீனியைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்தார். அவற்றின் அட்ரீனல் சுரப்பிகள் வீங்கி, குருதி கசிந்திருந்தன. அந்தச் சுரப்பியில் காய்கனிச் சத்து இருக்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1928-இல் செண்ட்-ஜியார்ஜி மாட்டின் அட்ரீனலிலிருந்து பிரித்தெடுத்த பொருளே வைட்டமின் சி எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

உண்ட உணவு உயிர்வளியோடு கூடி எரியும்போது, உயிரணுக்களைக் கெடுக்கும் வேகமுள்ள மூலக்கூறுகளும் உடன் பிறக்கின்றன. நோயிலும் நஞ்சிலும் அவை பெருகும். அவற்றை அடக்கக் குளுட்டாதயோனையும் சில நொதிகளையும் உடல் தானே ஆக்கிக்கொள்கிறது. வைட்டமின் சி-யை மனிதனும் கினிப்பன்றியும் ஆக்க இயலாது. எலிக்கோ அந்தக் கவலை இல்லை!

பிறகு இந்திய மக்கள் பலரின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறிகள் கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவு கடைசியில் நின்றது. படிக்கும்போது மனம் சுருக்கென்கிறது. ஆனால் நம் கீரையும் மீனும் மோரும் அந்த எலிகளின் தட்டில் எவ்வளவு இருந்தன என்றும் கேட்கத்தானே வேண்டும்?

அரிசியைத் தீட்டத் தீட்ட வைட்டமின் பி1-உம் வைட்டமின் ஈ-யும் தவிட்டோடு போய்விடுகின்றன. முன்னது குறைந்தால் பெரிபெரி. பின்னது உயிரணுச் சவ்வின் கொழுப்பைக் கெடாமல் காப்பது. பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. முத்துப்பேட்டை வட்டாரப் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து அவித்தபோது, தவிட்டிலிருந்த பி1 அரிசிக்குள் இறங்கிற்று. காரணம் அறியாமலே செய்த காரியம்! இன்று வெள்ளை வெளேரென்ற அரிசியைத் தேடி வாங்குகிறோம்.

1923-இல் சிக்கனம் என்று அரசு அவருடைய ஆய்வை நிறுத்தியது. 1925-இல் மீண்டும் தொடங்கியது. அதுவே 1928-இல் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1933-இல் சர் பட்டம் பெற்றார்; 1935-இல் ஓய்வு பெற்றார். கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அவர் 1960 மே 18-இல் ஆக்ஸ்போர்டில் காலமானார்.