வல்வில் ஓரி சூட்டிய கண்ணி

கொல்லிமலைக்கு ஏறுவோர் காரவள்ளியில் சற்றே நின்று மேலே நோக்குவது வழக்கம். நாமக்கல் மாவட்டத்து அவ்வடிவாரத்திலிருந்துதான் 70 கொண்டையூசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை தொடங்குகிறது. மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் ஸர்க்கார் சார்பில் அவன் பேரால் விழாவும் நடைபெறுகிறது. விழாவுக்குச் செல்வோர் யாவரும் அவனுடைய வில்லைப்பற்றியே பேசுவர். அது நியாயமே. ஆயினும் நாம் இன்று அவன் சரித்திரத்தைத் தலையில் சூடும் பூவிலிருந்து தொடங்க விரும்புகிறோம். காரணம் பின்னே விளங்கும்.

பட்டாளத்தில் புதிதாய்ச் சேர்ந்த வாலிபனுக்குப் பெரே என்னும் வட்டமான கம்பளித் தொப்பி ஒன்று கிடைக்கிறது. கொடுத்தபடியே அதை அணிந்தானாகில் பழைய சிப்பாய்கள் நகைப்பார்கள். ஆகவே அவன் அதை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு தலையில் வைத்து, ஒரு பக்கமாய் இழுத்துவிட்டு, படைச்சின்னம் கண்ணுக்கு நேர்மேலே நிமிர்ந்து நிற்குமாறு கையால் அழுத்தி, தலையிலேயே உலரவிடுகிறான். 1924-ல் பிரிட்டிஷ் டாங்கிப் படையார் கறுப்புத் தொப்பியைத் தமக்கென்று பெற்றனர். வானிலிருந்து குதிக்கும் நம் நாட்டுப் படையினர்க்குச் செம்பழுப்பு நிறம் உரியது. நிறம் இன்ன படையென்று சொல்லும். அதை அணியும் சாய்வோ, அணிபவன் அப்படையில் பழகியவனா, நேற்று வந்தவனா என்பதைச் சொல்லும். இவையெல்லாம் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தவை என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு.

தொல்காப்பியனார் இவ்விஷயத்தை ஐயத்துக்கு இடமின்றிக் கூறியிருக்கிறார். பெரும்பகை மூண்ட களத்தில் இவன் இன்ன வேந்தனுடைய வீரன் என்று தெரிய வேண்டியே சேரன் படையினர் பனையையும், பாண்டியன் படையினர் வேம்பையும், சோழன் படையினர் ஆத்தியையும் சூடினர் என்பது அவர் தரும் விளக்கம். அரசனுக்கு மட்டும் உரிய அலங்காரமன்று அது. சேனை முழுவதும் சூடிய பூ. இதனோடு, செய்யும் தொழிலுக்கென்று வேறு பூக்களும் இருந்தன. ஆநிரை கவர்வோர் வெட்சியும், மீட்போர் கரந்தையும், மதிலை வளைப்போர் உழிஞையும், உள்ளிருந்து காப்போர் நொச்சியும் சூடினர். தலையாலங்கானத்துப் போருக்குப் புறப்பட்ட இளம் நெடுஞ்செழியன் வேம்பின் தளிரை உழிஞைக் கொடியோடு சேர்த்துச் சூடியிருந்தான் என்று புறநானூறு காட்டுகிறது. ஒன்று குலத்தைச் சொல்லிற்று. மற்றொன்று வந்த காரியத்தைச் சொல்லிற்று. இக்காலத்துத் தொப்பியின் நிறமும் சின்னமும் இதற்கு மேல் என்ன சொல்லிவிடுகின்றன? பனங்குருத்தோ தானாகத் தலையில் நிற்பதன்று. கிழித்து, மடித்து, தொடுத்து, கையால் உருவாக்கினால்தான் கண்ணியாகும். சூடியவனுடைய கைத்திறனும் அதில் தெரிந்திருக்கும்.

தலையணி அற்ப விஷயம் என்று கருதிய கும்பினியார்க்கு அதன் பயன் வேலூரில் கிடைத்தது. தோற்பட்டை தைத்த புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள்மீது சுமத்தி, நெற்றிக்குறியையும் தாடியையும் விலக்கச் சொன்ன உத்தரவின் விளைவாக 1806 ஜூலை 10-ந் தேதி அக்கோட்டை பற்றி எரிந்தது. ஸேனாதிபதி கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் தத்தம் பதவியினின்றும் திருப்பி அழைக்கப்பட்டனர். காந்தித் தொப்பியைக் கண்டு அதிகாரிகள் வெகுண்ட காலத்தை இங்கே நினைப்பூட்டவேண்டியதில்லை.

இனி ஓரியின் வரலாற்றுக்கு வருவோம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கொல்லியை ஆண்ட இவனை ஆதன் ஓரி என்றும், மழவர் பெருமகன் என்றும் புலவர்கள் குறிக்கின்றனர். மழவர் போருக்குப் பேர்போன வில்வீரர்கள். இவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். கடையெழு வள்ளல்களின் வரிசையில் இவன் வைக்கப்பட்டிருக்கிறான். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரும், புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரும் அவ்வரிசையைத் தருகின்றனர். 1894-ல் சாமிநாதையர் அவர்கள் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டிராவிடில் இம்மனிதனைப்பற்றி நம்மிற் பலர் கேள்வியுற்றிருக்கவே மாட்டோம்.

அந்நூலில் வன்பரணர் பாடிய செய்தி ஒன்று மிகவும் இன்பமானது. புலவர் தம் கூட்டத்தோடு காட்டுவழியே வருகிறார். வேடன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, புற்றிலிருந்த உடும்பின்மேற் சென்று தைக்கிறது. இவன் கூலிக்கு வேட்டையாடுபவனாகத் தோன்றவில்லை, மார்பில் ஆரம் கிடக்கிறது, ஒருவேளை ஓரியோ, அல்லனோ என்று புலவர் மயங்குகிறார். பாட்டைத் தொடங்கி, முறைப்படி துறைகளைப் பாடி முடித்து, அரசனுக்குரிய சொல்லால் அவனை விளிக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் நாணுகிறான்! பிறகு அவர்களைப் பேசவிடாமலே சுட்ட மான்தசையும் மதுவும் தந்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிகளையும் கொள்ளுங்கள் என்று காட்டு நடுவிலேயே கொடுத்துவிடுகிறான். யானை உடும்பு எல்லாவற்றையும் ஓரம்பு துளைத்தது கவியின் மிகையென்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அரசன் என்று அழைக்கப்பட்டதும் தலைகுனிந்தவன் ஒருவன் இருந்தான் என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே வன்பரணர் மற்றொரு பாட்டில் ஓரி தந்த பரிசில் இன்னதென்று கூறுகிறார். அது ஒரு கண்ணி. கண்ணியென்பது தலையிற் சூடுவது. மார்பில் அணிவது தார். குளிர்ந்த நீரிலே பூக்காத குவளையாம் அது. மணிகளை இடையிட்டு வெள்ளி நாரால் தொடுத்தது. அதனோடு பிற அணிகளும் யானைகளும் கிடைத்தன. பெற்ற கூட்டத்தார் பசியற்றுப் போனபடியால் ஆடவும் மறந்தனர், பாடவும் மறந்தனர் என்று புலவர் சிரித்துக்கொண்டே முடிக்கிறார். வேந்தர் தம் பூவைத் தமக்காகப் போரிடுவோர் தலையிற் கண்டனர். இவனோ வாடாத பூவைச் செய்து, யாழும் முழவும் சுமந்து வந்த ஏழைகளின் தலையிலே கண்டான்.

கொடைக்கும் ஒரு நாள் தடை நேர்ந்ததுண்டு. கழைதின் யானையார் என்னும் புலவர் பரிசில் பெறாமலே திரும்பினார். இரப்பது இழிவு, இல்லையென்பது அதனினும் இழிவு என்று கடிந்துரைத்த அவரும், முடிவில் புறப்பட்ட வேளையையும் சகுனத்தையுமே பழித்தாரன்றி ஓரியைப் பழித்தாரில்லை. மழையைப்போல் வரையாது கொடுப்பவன் என்று வாழ்த்திவிட்டே போனார்.

அவ்வளவு புகழ் பெற்றவனுடைய முடிவு நமக்குத் துயரம் தருவது. அவனைக் கொன்றவன் அந்நியனல்லன். திருக்கோவலூர்ச் சீமையில் முள்ளூர் மலைக்குத் தலைவனான மலையமான் திருமுடிக்காரியே அவனைக் கொன்றான். காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் குதிரைக்கும் அவன் பெயரே. வில்லில் வல்லவன் ஒருவன், வேலில் வல்லவன் மற்றொருவன். இருவரும் மலைத்தலைவர், இருவரும் புலவர் போற்றும் கொடையாளர். மூவேந்தரும் காரியின் துணையை வேண்டி ஆளனுப்புவர் என்று கபிலர் பாடுகிறார். ஓரியைக் கொன்ற காரி, செவ்வேர்ப் பலா நிறைந்த கொல்லியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவுமில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூற்றில் கல்லாடனார் இதனை வெளிப்படையாகவே கூறுகிறார். போரிட்டோர் இரண்டு மலையார். ஆதாயமோ பனம்பூச் சூடியோர்க்கு. தொல்காப்பியனார் கூறிய படைப்பூக்கள் மூன்றே என்பதை நேயர்கள் இங்கே நினைவுகூர வேண்டும். மலைத்தலைவர்களின் பூவுக்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை.

காரியைத் துரோகி என்று ஏசுவது எளிது. நாம் அவ்வாறு செய்யத் துணியோம். அவன் கொடையும் உண்மை, வீரமும் உண்மை. ஆனால் உறையூரைச் சோழர் இருவர் முற்றியும் அடைத்தும் நின்ற காலத்தில் கோவூர் கிழார் இடைப்புகுந்து, எதிரில் நிற்பவன் கண்ணி பனையுமன்று, வேம்புமன்று, இருவர் தலையிலும் ஆத்தியே, எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தாரே, அத்தகைய வாக்கு ஒன்று ஓரிக்கும் காரிக்கும் நடுவில் எழவில்லையே என்று வருந்தாமலிருக்க முடியவில்லை.

ஓரி மாண்டபின் நடந்ததை நற்றிணைப் பாட்டொன்று போகிறபோக்கில் உவமையாகச் சொல்கிறது. காரி, ஓரியின் ஊரிலே ஒப்பற்ற பெருந்தெருவில் நுழைகிறான். அத்தெருவெங்கும் ஆரவாரம் எழுகிறது. உவமைக்கு அவ்வளவு போதும் என்று புலவர் நிறுத்திவிட்டார். தலைவனை இழந்த தெருவின் அந்தக் கூச்சலைக் கொல்லியின் எத்தனை அருவிகளும் மறைத்துவிட முடியவில்லை; இன்றும் அது பாட்டிலே கேட்கிறது.

மலையமான் குடிக்கும் பின்னர் ஒரு நாள் வந்தது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்காலில் இட முற்பட்டான். சிறுவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, சுற்றியிருந்த மன்றத்தை மருண்டு நோக்கி நின்றனர். அவர்கள் தலையில் பாட்டு எந்தப் பூவையும் காட்டவில்லை. புல்லிய தலைமயிரை மட்டுமே காட்டுகிறது. இம்முறை கோவூர் கிழார் உரிய வேளைக்கு வந்து சேர்ந்தார். நீ புறாவின் துன்பம் தீர்த்தவன் மரபில் வந்தவன், இவர்கள் புலவர்க்குப் பகுத்துண்டோர் மரபில் வந்தவர்கள் என்று வளவனுக்கு எடுத்துரைத்து, என் கருத்தைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம் என்று ஒதுங்கி நின்றார். சிறுவர் உயிர் பிழைத்தனர்.