ஹ்யூகோ வுட் விட்டுவைத்த வேர்கள்

டாப்சிலிப்பின் தேக்குகளைக் கண்டு களிக்கச் செல்லும் திருப்பூர்க்காரர்களுள், அம்மரங்களுக்கிடையே உறங்கும் ஹ்யூகோ வுட்டின் வாழ்வை அறிந்தோர் சிலரே. பின்னலாடைத் தொழிலின் நாள்கணக்கு, வாரக்கணக்குகளுக்கு நடுவே வாழும் எனக்கு, தலைமுறைக் கணக்கில் சிந்தித்த அம்மனிதரை நினைவுகூர்வது அவசியமெனத் தோன்றுகிறது.

1870-இல் பிறந்த வுட், ஆங்கிலேயர் ஆட்சிக்கால வனத்துறை அதிகாரி. அவர் வருவதற்கு முன்பே, கப்பல்களுக்கும் ரயில் பாதைக் கட்டைகளுக்குமாக ஆனைமலைத் தேக்குகள் பல்லாண்டுகள் வெட்டப்பட்டுவிட்டன. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. அன்றைய நிர்வாகத்தின் பார்வையில் காடு ஒரு மரக்கிடங்கு.

1915-வாக்கில் அங்கு பொறுப்பேற்ற வுட், காட்டுக்கு நீண்ட ஓய்வு தேவை என்று வலியுறுத்தினார். மரத்தை வேரோடு பெயர்க்காமல், அடிக்கட்டையை விட்டுவைத்து மீண்டும் துளிர்க்கச் செய்தார். நடந்த வழியெல்லாம் கைத்தடியால் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றினார் என்று இன்றும் அப்பகுதியில் சொல்லப்படுகிறது. 1933-இல் மறைந்த அவர், விருப்பப்படியே அக்காட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆயினும், வுட் மீட்டது பெரிதும் தேக்கையே. ஒரே மரம் நிறைந்த தோப்பு காடாகிவிடாது. அதே ஆனைமலையில், வால்பாறையின் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் சூழலியலாளர்கள் இன்று வேறு வழியில் உழைக்கின்றனர். அயல் களைகளை அகற்றி, அம்மண்ணுக்குரிய பல்வகை மரங்களை நட்டு, எஞ்சியதைக் காட்டின் போக்கில் விடுகின்றனர். அங்கே வெட்டுமரத்தின் கன அடி கணக்கில்லை. திரும்பி வரும் உயிர்களே கணக்கு.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன நீரும் அமராவதி நீரும் அம்மலைகளிலிருந்தே நம் மாவட்டத்துக்கு வருகின்றன. மரக்கன்று நடுவதில் திருப்பூர் காட்டும் ஆர்வமும் போற்றத்தக்கது. ஆனால், காங்கயம், தாராபுரம் பகுதிகளின் இயற்கை அடர்காடு அன்று; கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் கிளுவை வேலியும் கொண்ட கொரங்காடு. அதைக் காப்பதும் மீட்பே.

ஆகவே, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் விழாக்களைவிட, பத்தாண்டுக்குப் பின் பிழைத்தவை எவை, அவை இம்மண்ணுக்குரியவையா என்று கேட்கும் வழக்கமே நமக்கு வேண்டும். வுட்டிடமிருந்து அவரது பொறுமையை எடுத்துக்கொள்வோம். தேக்கை மட்டுமே நம்பிய அக்காலத்தின் பார்வையை விட்டுவிடுவோம்.