லண்டனுக்கு முளை அடித்தவர்

பள்ளியில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், ராபர்ட் ஹூக் யார் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஸ்பிரிங்கை இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதற்கு விதி கண்டவர். மைக்ராஸ்கோப்பின் கீழ் தக்கையை வைத்துப் பார்த்து, அதிலிருந்த சின்னஞ்சிறு அறைகளுக்கு 'செல்' என்று பெயர் சூட்டியவர்.

அவரே லண்டன் நகரசபையில் சர்வேயராகவும் வேலை பார்த்தார். வீடு கட்ட மனுச் செய்தவர்களின் மனையை அளந்தார், முளை அடித்துக் கொடுத்தார், அண்டை வீட்டார் சண்டையைத் தீர்த்தார். இது பலருக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

ஹூக் 1635 ஜூலை 18-ந் தேதி இங்கிலாந்தின் தெற்கே உள்ள ஒயிட் தீவில் பிறந்தார். தகப்பனார் மாதாகோயில் உதவிப் பாதிரியார். பையன் நோஞ்சான். ஓயாத தலைவலி. ஆனால் கை சும்மா இராது. பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்து ஓடவிட்டான்.

பையனுக்குப் பதின்மூன்று வயதானபோது தகப்பனார் இறந்தார். லண்டனுக்கு வந்து பள்ளியில் சேர்ந்து, பின்னர் ஆக்ஸ்போர்டிலும் படித்தார் ஹூக். 1662-ல் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தில் சோதனைகள் செய்து காட்டும் வேலை கிடைத்தது. 1665-ல் அவருடைய மைக்ராஸ்கோப் புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டில் கிரெஷாம் கல்லூரியில் க்ஷேத்திர கணிதப் பேராசிரியரானார். வயது முப்பதுதான். பெயரும் புகழும் வாசலில் வந்து நின்றன.

நான்கு நாள் நெருப்பு

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன்னே புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. நல்ல காற்று. நான்கு நாள் எரிந்தது. 13,200 வீடுகளும் 87 கோயில்களும் சாம்பலாயின. பெரிய செயிண்ட் பால் கோயிலும் தப்பவில்லை. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கிடந்தார்கள். குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏன் இத்தனை சேதம்? வீடுகள் எல்லாம் மரம். கீழே மனை சிறியதாக இருந்தால், மாடிக்கு மாடி வீதிப் பக்கம் நீட்டிக்கொண்டே போவார்கள். மேல்மாடியில் எதிர்வீடுகள் இரண்டும் ஏறக்குறைய முட்டிக்கொண்டு நிற்கும். செங்கல்லால்தான் கட்டவேண்டும் என்று முன்பே ராஜாக்கள் உத்தரவு போட்டிருந்தார்கள். கேட்டவர் யார்? உத்தரவை மீறுவார்கள், சர்க்கார் அபராதம் வாங்கும், கட்டடம் அப்படியே நிற்கும். கஜானாவுக்கு வரும்படியாக மாறிவிட்ட பிறகு எந்த விதிதான் உருப்படும்?

தீ அணைந்த சில நாட்களுக்குள் ஆளுக்கொரு புது நகரப் படம் வரைந்தார்கள். ஹூக்கும் ஒன்று வரைந்தார். சதுரங்கப் பலகைபோல நேர் வீதிகள் கொண்ட படம். நகரசபைப் பெரியவர்களுக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் எந்தப் படமும் நிறைவேறவில்லை. ஒவ்வொரு மனைக்கும் சொந்தக்காரர் இருந்தார், குடியிருந்தவர் இருந்தார், குத்தகைக்காரர் இருந்தார். அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டுப் புதிய ஊர் கட்டப் பணமும் இல்லை, காலமும் இல்லை. ஆகவே பழைய வீதிகளையே கூடியமட்டும் அகலப்படுத்துவது என்று முடிவாயிற்று. சட்டம் எழுத ராஜா மூவரையும் நகரசபை மூவரையும் நியமித்தார்கள். நகரசபையின் மூவரில் ஹூக் ஒருவர்.

மனுவும் முளையும்

1667 பிப்ரவரியில் சட்டம் வந்தது. வீடுகள் நான்கு வகை. சின்னச் சந்தில் இரண்டு மாடி, முக்கிய வீதியில் மூன்று, ராஜவீதியில் நான்கு. செங்கல் அல்லது கல் மட்டுமே. சுவர் இத்தனை கனம், கூரை இத்தனை உயரம் என்று அளவுகளைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வீதிக்கு மேல் நீட்டக் கூடாது. எழுதப்பட்டது எல்லோருக்கும் ஒன்றே. அதிகாரியின் மனம் குளிர்ந்தால் ஓர் அளவு, கோபித்தால் வேறோர் அளவு என்பதற்கு இடம் வைக்கவில்லை.

மார்ச்சில் ஹூக்கும் பீட்டர் மில்ஸ் என்பவரும் சர்வேயர்களாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். ஜான் ஆலிவர் என்பவர் பிறகு வந்து சேர்ந்தார். முதல் வேலை வீதிகளுக்கு முளை அடிப்பது. இடிபாடுகளின் மேல் ஏறி இறங்கி, சங்கிலி பிடித்து, சுமார் ஒன்பது வாரத்தில் முடித்தார்கள். முளையைப் பிடுங்குகிறவனுக்குச் சிறை அல்லது அபராதம். ஏழையாக இருந்தால் அதே இடத்தில் நிறுத்தி ரத்தம் வரச் சவுக்கடி. பணக்காரனுக்கு ஒரு தண்டனை, ஏழைக்கு ஒரு தண்டனை! இது அந்தச் சட்டத்தின் அழகான பக்கம் அல்ல.

பிறகு வீடு கட்டுகிறவர்களின் முறை. அவர்களுக்கு வகுத்த வழி மிகவும் எளிது. முதலில் மனையிலுள்ள குப்பை கூளத்தை அப்புறப்படுத்த வேண்டும். பிறகு நகரசபைக் கருவூலத்துக்குப் போய், ஒரு கடைக்காலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்ட வேண்டும். குமாஸ்தா பெயரைப் புத்தகத்தில் பதிந்து ரசீது கொடுப்பார். ரசீதைச் சர்வேயரிடம் காட்டினால், அவர் மனைக்கு வந்து அளந்து, முளை அடித்து, தம் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டு, சான்றுச் சீட்டு எழுதித் தருவார். அதன் பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டணத்தை வாங்கியவர் வேறு, அளந்தவர் வேறு. எல்லாமே எழுத்தில் இருந்தது. நாளைக்கு வழக்கு வந்தால் யாரும் வாயால் மறுக்க முடியாது.

வீதியை அகலப்படுத்தியதில் சிலர் மனையில் ஒரு பகுதியை இழந்தார்கள். இழந்த இடம் எத்தனை சதுர அடி என்று சர்வேயர் சான்று எழுதுவார். அதைக் காட்டி நகரசபையில் நஷ்டஈடு பெற்றார்கள். பணம் எங்கிருந்து வந்தது? லண்டனுக்கு வந்த நிலக்கரியின் மேல் போட்ட வரியிலிருந்து!

வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் தகராறு வந்தால் அதற்குத் தனிக் கோர்ட்டு. அதன் நீதிபதிகள் சம்பளம் வாங்கவில்லை. நன்றி மறவாத நகரசபை பின்னர் அவர்களுடைய உருவப் படங்களை வரையச் செய்து கில்டு மண்டபத்தில் மாட்டியது.

ஹூக்குக்கு உண்மையான தலைவலி கொடுத்தவை அண்டை வீட்டுச் சண்டைகள். பொதுச் சுவர் யார் பக்கம்? சன்னலை அடைத்துவிட்டானே! சாக்கடை என் மனை வழியாகவா? லண்டனானாலும் நம் ஊரானாலும் இந்தச் சண்டை ஒன்றுதான் போலும். பொதுச் சுவருக்குச் சட்டம் நல்ல வழி சொன்னது. முதலில் கட்டுகிறவர் முழுச் செலவும் செய்யலாம். பின்னால் கட்டுகிறவர் பாதித் தொகையை 6 சத வட்டியுடன் கொடுத்துவிட்டே கட்டவேண்டும். மற்ற வழக்குகளுக்கு ஹூக் சக சர்வேயருடன் நேரில் போய்ப் பார்த்து, இன்னது செய்யலாம் என்று அறிக்கை எழுதுவார். இப்படி நூற்றுக்கணக்கில் எழுதினார்.

விதியை மீறிக் கட்டினால்? இரண்டு சாட்சிகள் சத்தியம் செய்து சொன்னால் போதும். இடித்துவிடுவதாகக் கட்டியவர் ஜாமீன் எழுதித் தரவேண்டும். மறுத்தால் சிறை. முன்போல அபராதத்தோடு தப்ப முடியாது.

எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. தேம்ஸ் நதிக்கரையில் 40 அடி அகலத்துக்கு யாரும் எதுவும் கட்டாமல் திறந்தவெளியாக விடவேண்டும் என்றும் சட்டம் இருந்தது. வியாபாரிகள் சரக்கை அடுக்கினார்கள், வேலி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரை மறைந்தது. வீடு கட்டுகிறவர் சர்வேயரைத் தேடி வந்தார், ஏனென்றால் அவருக்குச் சான்றுச் சீட்டு வேண்டும். கரையை அடைத்த வியாபாரி எதற்காக வருவார்?

கல்லூரி அறையில்

காலையில் இடிபாடுகளில் அளவு, மாலையில் காப்பிக் கடையில் கட்டடக்காரர்களோடு பேச்சு, நடுவில் ராயல் சொசைட்டியில் சோதனை, கல்லூரியில் பாடம். கூன் விழுந்த மெலிந்த உடம்பு. தூக்கம் குறைவு. இத்தனைக்கும் நடுவே நண்பர் கிறிஸ்டபர் ரென்னுடன் சேர்ந்து தீயின் நினைவாக 202 அடி உயரத் தூணும் எழுப்பினார்.

எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைக்கால்கள் அந்தப் புத்தகங்களில் பதிவாயின. அவற்றில் ஏறக்குறைய மூவாயிரத்தை அளந்தவர் ஹூக் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

விஞ்ஞானத்தில் அவர் பல விஷயங்களைத் தொட்டுவிட்டு முடிக்காமல் விட்டார். கிரகங்களைச் சூரியன் இழுக்கும் விஷயத்தில் நியூட்டனோடு பெரிய மனஸ்தாபம் ஏற்பட்டது. கணக்குப் போட்டு நிரூபித்தவர் நியூட்டன். புகழ் அவருக்கே போயிற்று. ஹூக் கசந்து போனார். முளை அடித்த அந்த வருஷங்களை மேஜையருகே கழித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? யார் சொல்ல முடியும்! ஆனால் வெட்டவெளியில் கிடந்தவர்களுக்கு அன்று வேண்டியிருந்தது கூரை.

1703 மார்ச் 3-ந் தேதி கிரெஷாம் கல்லூரி அறையில் அவர் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறையில் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால் ஆயிரக்கணக்கான பவுன் பணம்! பெரும்பகுதியும் சர்வேயர் வேலையில் சம்பாதித்தது. உள்ளே கிடந்த தேதியைப் பார்த்தால், முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

இன்னாருடையதுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. மில்ஸ், ஆலிவர் இருவரின் அளவைப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஹூக்கின் புத்தகங்கள் மட்டும் காணாமற் போய்விட்டன.