எண்ணெய் தேடிய கேசவதேவ மாளவியா

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மில் பலர் வடோதராவில் நவஜீவன் வண்டி ஏறி, பரூச்சில் நருமதைப் பாலத்தைக் கடந்ததும் அங்கலேசுவர் என்ற நிலையத்தைக் காண்கிறோம். வேர்க்கடலை கொறித்துக்கொண்டே அவ்வூரைக் கடந்தும் விடுகிறோம். நிலவியல் படிக்கும் எனக்கோ அது ஒரு திருத்தலம். மும்பைக்கு மேற்கே, அலைகளுக்கு அடியிலிருந்து இந்தியா எண்ணெய் எடுக்கும் கதை, இந்தக் குஜராத்து மண்ணில்தான் தொடங்கிற்று. அக்கதையின் நடுவே நிற்பவர் கேசவதேவ மாளவியா.

அவர் 1904-இல் அலகாபாத்தில் பிறந்தார். கான்பூர் ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அக்காலத் தலைவர் பலருக்கும் இவை பொதுவாதலின் விரிக்க வேண்டுவதில்லை. அவரை மற்றவரினின்றும் பிரித்துக் காட்டுவது, 1950-களில் நேருவின் அமைச்சரவையில் இயற்கை வளத் துறை அவர் கைக்கு வந்த பிறகு நடந்ததுதான்.

அன்றைய நிலைமை என்ன? எண்ணெய் என்றால் அசாம்; அசாம் என்றால் 1889-இல் எண்ணெய் கண்ட திக்பாய். 1953-இல் நாகர்கட்டியாவில் மற்றுமொரு வயல் கிடைத்தது. எஞ்சிய தேவைக்கெல்லாம் அயல்நாட்டுக் கம்பெனிகளையே நம்பியிருந்தோம். பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய மூன்றும் பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலைகள் அமைத்தன. ஆலை நம் நாட்டில்; அதற்கு வேண்டிய கச்சா எண்ணெயோ அவர்கள் கப்பலில். அசாமுக்கு வெளியே இந்தியாவில் எண்ணெய் அகப்படாது என்ற எண்ணம் அன்று பலரிடம் ஊறிக் கிடந்தது. கம்பெனிகள் தேடவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஸ்டான்வாக் வங்காளத்தில் அரசாங்கத்தோடு கூட்டாகத் துளையிட்டுப் பார்த்து, 1960-இல் வெறுங்கையோடு நிறுத்திக்கொண்டது. ஆயினும், விற்பவனே தேடுபவனாகவும் இருந்தால் தேடலில் எவ்வளவு வேகம் இருக்கும்? இக்கேள்வியை அரசாங்கத்துக்குள்ளே விடாமல் எழுப்பியவர் மாளவியா.

1955-இல் ஒரு குழுவோடு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று எண்ணெய்த் தொழிலை நேரில் கண்டார். அதே ஆண்டின் இறுதியில் காலினின் என்பவரின் தலைமையில் சோவியத் நிபுணர்கள் இங்கு வந்தனர். 1956 ஆகஸ்டு 14-இல் எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் டேராடூனில் உருப்பெற்றது. 1957-இல் இமயமலைச் சாரலில் ஜ்வாலாமுகியில் முதற் கிணறு தொடங்கினர். வாயு கசிந்தது, ஆனால் பயன்தரும் அளவில் ஏதும் கிட்டவில்லை. வறண்ட கிணற்றில் கொட்டிய பணம் மக்களின் பணம். கம்பெனிக்காரன் கணக்கில் எழுதி மறந்துவிடலாம்; அமைச்சர் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த கிணறும் வறண்டிருந்தால் கமிஷனின் கதி என்னவாகியிருக்குமோ!

1958 செப்டம்பரில் கம்பாத்துக்கு அருகே லுனேஜில் எண்ணெய் வெளிப்பட்டது. 1960-இல் அங்கலேசுவர் வயல் கிடைத்தது. இங்குச் சற்று நில்லுங்கள், நண்பர்களே. என் பாடத்தில் சிறிது சொல்லாமல் போக மனமில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த தரை, இப்பகுதியில் விரிசலுற்று நீண்டதொரு பள்ளமாகத் தாழ்ந்தது. அதில் கடலும் ஆறுகளும் களியையும் மணலையும் அடுக்கடுக்காகக் கொட்டின. களியில் புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம், ஆழத்தின் வெம்மையில் எண்ணெயாயிற்று. அது மேலேறி மணற்பாறையின் நுண்துளைகளில் தங்கியது. பாதாளத்தில் எண்ணெய் ஏரி இருப்பதாக எண்ணுவோர் இன்றும் நம் விடுதியில் உண்டு! எண்ணெய் இருப்பது கல்லுக்குள், கடற்பஞ்சில் நீர் இருப்பதுபோல. களக் கல்வியின்போது துளையிட்டெடுத்த பாறைத் துண்டு ஒன்றைக் கையில் ஏந்தினேன். கண்ணுக்கு வெறும் கல், மூக்குக்கு மட்டும் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்!

அப்பள்ளம் கரையோடு நிற்பதில்லை. வளைகுடாவின் அடியிலே தெற்கே நீள்கிறது. தரையில் எண்ணெய் கண்டவர்கள் கடலை நோக்கியது இயல்பே.

ஆனால் அந்த வேளையில் மாளவியா பதவியில் இல்லை. சுரங்கக் கம்பெனி ஒன்றிடம் தேர்தல் நிதி பெற்றதைப் பற்றிய குற்றச்சாட்டுகளை உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரித்தார். 1963-இல் மாளவியா அமைச்சர் பதவியை விட்டு விலகினார். விசாரணை அறிக்கை வெளியிடப்படவில்லை. அவரைப் போற்றுவோர் இதனை மறைப்பதும், தூற்றுவோர் இதனை மட்டுமே பேசுவதும் எனக்கு உடன்பாடல்ல.

அவர் இல்லாமலே கமிஷன் கடலில் இறங்கியது. 1964 முதல் 'அகாதமிக் ஆர்க்கான்கெல்ஸ்கி' என்ற சோவியத் கப்பல் அதிர்வலைகளைக் கடலடிக்கு அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு பாறை அடுக்குகளை வரைந்தது. பம்பாய்க்கு அப்பால் பெரியதொரு மேடு அடியில் புதைந்திருப்பது புலனாயிற்று. 1970-இல் வளைகுடாவின் ஆழமற்ற நீரில் அலியாபேட்டில் முதற் கடற்கிணறு தோண்டினர், அது வயலாகவில்லை. பம்பாய் மேட்டிலோ நீர் சுமார் 75 மீட்டர் ஆழம். அதற்கு ஜப்பானில் கட்டிய 'சாகர் சம்ராட்' வேண்டியிருந்தது. மிதந்து சென்று, கால்களைக் கடலடியில் ஊன்றி, தன் உடலை அலைக்கு மேலே தூக்கி நிறுத்திக்கொள்ளும் மேடை அது. 1974 பிப்ரவரியில் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் எண்ணெய் கண்டது. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில் அது தேங்கியிருந்தது. அரபு நாட்டு எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்காகி, நம் அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த நேரம்!

அதே ஆண்டின் பிற்பகுதியில் இந்திரா காந்தி அம்மையார் மாளவியாவைப் பெட்ரோலிய அமைச்சராக்கினார். எழுபது வயதில், தாம் வளர்த்த கமிஷன் தமக்குப் பின் கண்டெடுத்த கடல் வயலை உற்பத்திக்குக் கொணரும் பொறுப்பு அவரிடம் வந்தது. வயல் கண்டு இரண்டே ஆண்டுகளில், 1976 மே 21-இல், பம்பாய் ஹையிலிருந்து எண்ணெய் பாய்ந்தது. இன்று அதனை மும்பை ஹை என்பர். பர்மா ஷெல் நாட்டுடைமையானதும் அவ்வாண்டிலேதான்.

கடல் வயலை மாளவியா கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. கண்டவர்கள் எதிரொலியைப் படித்த நிலவியலாரும், மேடையில் வேலை செய்த துளைப்பாளரும். அத்தகையோரை இந்நாட்டில் உருவாக்கி, முதற் கிணறு பொய்த்தபோதும் கலைந்துபோகாமல் காத்தவர் அவர்.

1981-இல் அவர் மறைந்தார். டேராடூனில் கமிஷன் நிறுவிய ஆய்வு நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. நம் சங்கத்தில் முன்னர் உறுப்பினராக இருந்த ஒருவர் இப்போது அங்கே காவிரிப் படுகையின் பாறைத் துண்டுகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.