கோயிலுக்கு எழுதிய பணம் பள்ளிக்கூடமான கதை

பச்சையப்ப முதலியார் தந்தை முகம் காணாத பிள்ளை. தகப்பனார் விசுவநாத முதலியார் காலமானபோது தாயார் பூச்சியம்மாள் கர்ப்பிணி. இரண்டு பெண் குழந்தைகள் வேறு. ஆதரவு தேடிப் பெரியபாளையம் போன அந்த அம்மாளுக்கு 1754-ல் அங்கே ஆண் குழந்தை பிறந்தது.

பிறகு குடும்பம் சென்னப்பட்டணம் வந்தது. பவுனி நாராயண பிள்ளை என்ற துபாஷி அடைக்கலம் கொடுத்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று வியாபாரம் முடிப்பவர். அன்று பணம் கொழித்த தொழில் அது. பிள்ளையவர்கள் சிறுவனுக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அன்னியர் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பையன், வாலிப வயதிலேயே பெரிய துபாஷி ஆகிவிட்டார். தஞ்சாவூர் வரை அவருடைய கொடுக்கல் வாங்கல் நடந்தது.

தெய்வ பக்தி மிகுந்தவர். கோமளீசுவரன்பேட்டையில் கூவம் ஆற்றில் நீராடிப் பூஜை செய்வார். ஆம், கூவத்தில்தான்! அன்று அது குளிக்கிற ஆறு.

ஆண் வாரிசு இல்லை. 1794 மார்ச் 22-ந் தேதி உயில் எழுதினார். சொத்தில் பெரும்பகுதி கோயில் கைங்கரியங்களுக்கும் தருமத்துக்கும் போயிற்று. ஒன்பதாம் நாள், மார்ச் 31-ந் தேதி, திருவையாற்றில் கண் மூடினார். வயது நாற்பதுதான்.

அதன் பிறகு வந்தது வழக்கு. உயிலில் சொன்ன தருமம் நடக்கவில்லை. பணம் பல கைகளில் சிக்கிக் கிடந்தது. வருஷக்கணக்காகக் கோர்ட்டில் இழுபறி. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு லட்சம் வராகனைத் தெய்வ காரியங்களுக்கு ஒதுக்கியது. வட்டியோடு பெருகி நின்ற மீதி சுமார் நாலரை லட்சம் ரூபாய். அதைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்தது. இதற்காகப் பாடுபட்டவர்களில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முக்கியமானவர்.

1842 ஜனவரி 1-ந் தேதி சென்னை பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறந்தது. ஏழை இந்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை. இங்கிலீஷோடு தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஏழை என்றால் எல்லா ஏழையும் அல்ல. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. தருமப் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இது பெரிய குறைதான்.

காஞ்சிபுரத்திலும் பச்சையப்பர் பெயரால் பள்ளி ஏற்பட்டது. அங்கே தறிவீட்டுப் பிள்ளை எழுத்துப் பழகுமுன் தறியில் உதவிக்கு உட்கார்ந்துவிடுவான். அவன் கை ஓய்ந்தால் அன்றைய வேலை குறையும். சம்பளமும் கட்டச் சொன்னால் எந்தத் தகப்பன் அனுப்புவான்?

அந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த ஒரு பையன் இந்தப் பள்ளியில்தான் படித்தான். வீட்டுக் கஷ்டத்தால் நடுவில் முனிசிபல் ஆபீசில் குமாஸ்தா வேலைக்குப் போனான். பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எம்.ஏ. பட்டம் பெற்றான். 1967-ல் முதல் மந்திரியான சி. என். அண்ணாதுரை அவர்தான்.