பூனைகளுக்குச் சமர்ப்பணமான சமையல் புத்தகம்



சென்ற இதழில் பாட்டி காலத்துச் சமையல் குறிப்புகளைக் கேட்டிருந்தோம். நிறைய வந்தன, நன்றி. ஆனால் பாதிக் குறிப்புகளில் உப்பு தேவையான அளவு, பதமாக இறக்கவும் என்றுதான் இருந்தது. வத்தக்குழம்பு மட்டும் மூன்று வீடுகளிலிருந்து மூன்று விதமாக வந்தது. எது சரி என்று வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதம் உங்களுக்கே தெரியும்!

அதைப் படித்தபோது எனக்கு ஒரு இத்தாலியரின் நினைவு வந்தது. பெல்லெக்ரினோ அர்த்தூசி என்று பெயர். இத்தாலியில் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கும் சமையல் புத்தகத்தை எழுதியவர். அவர் சமையல்காரர் அல்ல, பட்டு வியாபாரி.

1820-ல் வட இத்தாலியில் ஃபோர்லிம்போபோலி என்ற சிற்றூரில், வசதியான வணிகர் வீட்டில் பிறந்தார். 1851 ஜனவரியில் ஒரு இரவு கொள்ளைக் கூட்டம் ஒன்று அந்த ஊருக்குள் புகுந்தது. ஊர்ப் பெரியவர்கள் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அரங்கை மடக்கி, மேடையில் ஏறி நின்று துப்பாக்கியை நீட்டினார்கள். பிறகு பணக்காரர் வீடுகளைச் சூறையாடினார்கள். அர்த்தூசி வீடும் தப்பவில்லை. அந்த அதிர்ச்சியில் அவருடைய தங்கையின் மனம் பேதலித்தது. கடைசியில் மனநோய் மருத்துவமனையில்தான் அவர் வாழ்வு முடிந்தது. இனி அந்த ஊரில் இருக்க முடியாது என்று குடும்பம் அடுத்த ஆண்டே ஃபிளாரன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே பட்டு வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதை நெருங்கும்போதே தொழிலை விட்டுவிட்டு இலக்கியத்தில் இறங்கினார். ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதினார், இன்னொருவரின் கடிதங்களுக்குக் குறிப்புரை எழுதினார். இரண்டும் விலை போகவில்லை.

சமையல் புத்தகத்துக்கு வருவோம். 1891-ல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 71. சமையலறை அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும் என்று பொருள்படும் தலைப்பு. பதிப்பகங்கள் கைவிரித்ததால் சொந்தச் செலவில் 1,000 பிரதிகள் அச்சிட்டார். நண்பரான ஒரு பேராசிரியர், இது தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முதல் பதிப்பை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? தம் வீட்டு இரண்டு பூனைகளுக்கு!

சொந்த ஊரில் நடந்ததுதான் பெரிய அவமானம். அங்கே ஒரு தரும விழாவுக்கு இரண்டு பிரதிகளை அனுப்பினார். குலுக்கலில் அவற்றைப் பரிசாகப் பெற்றவர்கள், படிக்காமலேயே புகையிலைக் கடைக்காரரிடம் விற்றுவிட்டார்கள். இதைப் பிற்பாடு அவரே தம் புத்தக முன்னுரையில் எழுதிச் சிரித்துக்கொண்டார். வலித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புத்தகத்தை வீட்டிலிருந்தே தபாலில் விற்றார். வாங்கிய பெண்கள் பதில் எழுத ஆரம்பித்தார்கள். இது எங்கள் ஊரில் வேறு மாதிரி, இந்தப் பலகாரம் உங்கள் புத்தகத்தில் இல்லையே என்று கடிதங்கள் குவிந்தன. அவர் எரிச்சல்படவில்லை. சொன்னதை வீட்டில் செய்து பார்த்து, சரியாக வந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்தார். 475 குறிப்புகளோடு தொடங்கிய புத்தகம் இருபது ஆண்டுகளில் 790 ஆனது. அளவுகளை கிராம் கணக்கில் கொடுத்தார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலி ஒரே நாடானது 1861-ல்தான். அப்போது பெரும்பாலானோர் வீட்டில் பேசியது அந்தந்த வட்டார மொழியே. சமையல் நூல்களிலோ பிரெஞ்சுச் சொற்கள் மண்டிக் கிடந்தன. ஒரு ஊர்க்காரி எழுதியது இன்னொரு ஊர்க்காரிக்குப் புரியாது. அர்த்தூசி பிரெஞ்சை முடிந்தவரை விலக்கி, எல்லோருக்கும் புரியும் இத்தாலியனில் எழுதினார். நடுவே கதையும் சொல்வார். தக்காளிச் சாறு பற்றி எழுதும்போது, எல்லார் வீட்டு விவகாரத்திலும் மூக்கை நுழைத்ததால் தக்காளி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பாதிரியார் வந்துவிடுவார். காய்கறி சூப் குறிப்பிலோ காலரா வரும். 1855-ல் லிவோர்னோ துறைமுகத்தில் அந்த சூப்பைச் சாப்பிட்ட இரவு வயிற்றைப் புரட்டியது. சூப்பைத் திட்டிக்கொண்டே மறுநாள் ஃபிளாரன்ஸ் திரும்பினார். பிறகுதான் அந்த ஊரில் காலரா பரவியதும், தாம் தங்கியிருந்த வீட்டுக்காரரே அதில் இறந்துபோனதும் தெரிந்தது. சூப்பின் மேல் தப்பில்லை என்று குறிப்பை எழுதி முடித்தார்.

குறை இல்லாமல் இல்லை. தென் இத்தாலிச் சமையல் அதில் குறைவு. அது நடுத்தர வர்க்கத்து வீட்டுப் புத்தகம். அதே காலத்தில் வட இத்தாலிக் கூலி விவசாயிகள் சோளக் களியை மட்டுமே தின்று, சத்துக் குறைவால் பெல்லாக்ரா என்ற நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

அடுப்படியில் உண்மையில் நின்றவர்கள் இருவர். சமையல்காரர் பிரான்செஸ்கோ ருஃபில்லி, வீட்டைப் பார்த்துக்கொண்ட மரியெத்தா சபத்தீனி. மரியெத்தா செய்த ஒரு கேக்கை அவர் பெயரிலேயே புத்தகத்தில் சேர்த்தார். வேலைக்காரப் பெண்ணின் பெயர் அச்சில் ஏறுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா, சொல்லுங்கள்? 1911-ல் தமது 90-ஆம் வயதில் அர்த்தூசி இறந்தபோது, புத்தகத்தின் உரிமையை இந்த இருவருக்கும்தான் எழுதிவைத்திருந்தார்.

சொத்தின் பெரும்பகுதி, புத்தகத்தைப் புகையிலைக் கடையில் போட்ட அதே ஃபோர்லிம்போபோலிக்குப் போனது. இன்று அங்கே அவர் பெயரில் ஒரு சமையல் கலை மையம் இருக்கிறது. ஆண்டுதோறும் கோடையில் உணவுத் திருவிழா நடக்கிறது. அதில் வீட்டுச் சமையல் செய்பவர்களுக்கு ஒரு பரிசு தருகிறார்கள். பரிசின் பெயர் மரியெத்தா.

நம் அடுத்த இதழுக்கு மூன்று வத்தக்குழம்புகளையும் போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். குறிப்பு அனுப்பியவர்கள் புளி எத்தனை கிராம் என்பதையும், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்பிவையுங்கள்.